பசிபிக் தீவெல்லாம் ஒன்றுதானா? நியுவேயில் ஒரு சனிக்கிழமை

வாசகர் கேள்வி, பிப்ரவரி 3

பாய்மரப் படகில் பசிபிக்கைக் கடக்கிறவர்கள் எழுதுவதை ஒரு வருடமாகப் படித்து வருகிறேன். வெள்ளை மணல், நீலக் காயல், சாய்ந்து நிற்கும் தென்னை. ஒரு தீவைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் அதன் நகல்தான் என்று தோன்றுகிறது. நான் சொல்வது தவறென்றால், ஒரே நாளில் ஒரு தீவில் என்ன பார்த்தீர்கள் என்று யாராவது எழுதுங்களேன்.

பிப்ரவரி 3, இரவு 10.20

தவறுதான். போன ஆகஸ்டில் குக் தீவுகளின் ராரோதோங்காவிலிருந்து தோங்காவின் வவாவு வரை ஒரு நாற்பதடிப் படகில் கூடமாட உதவுகிற ஆளாகப் போனேன். நடுவில் நியுவே என்ற குட்டித் தீவு நாடு. ஐந்து இரவு கடலில் கழித்துவிட்டு வருகிறவனுக்கு நீங்கள் சொன்ன மணல் அங்கே அநேகமாகக் கிடையாது. காயல் அறவே இல்லை. துறைமுகமும் இல்லை. தென்னை உண்டு, பெயரிலேயே உண்டு: அவர்கள் மொழியில் ‘நியு’ என்றால் தேங்காய்.

கடலுக்கு அடியில் இருந்த பவளத் திட்டு மேலே எழும்பி நிற்பதுதான் தீவு. சுமார் 260 சதுர கிலோமீட்டர், உயரம் 70 மீட்டரைத் தொடாது, சுற்றிலும் செங்குத்தான பாறை. ஆறு, ஓடை ஒன்றும் இல்லை. பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடும். மண்ணைக் கரைத்துக்கொண்டு கடலுக்கு வர ஆறு இல்லாததால் தண்ணீர் கலங்குவதே இல்லை. நாங்கள் படகைக் கட்டிய இடத்தில் ஆழம்காட்டி 30 மீட்டருக்கு மேல் சொன்னது. தளத்தில் நின்றபடியே அடியில் கிடந்த பாறைகளையும் அவற்றின் நிழலையும் பார்த்தேன்.

மீதியை, அங்கே கழித்த சனிக்கிழமையை, நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, காலை 6.45

இறங்குவதே அங்கே ஒரு வேலை. அதைச் சொல்லாமல் தீவுக்குள் போக முடியாது.

அலோஃபி ஊருக்கு முன்னால் ஒரு கான்கிரீட் மேடை இருக்கிறது. அலை நேராக வந்து அதில் மோதும். சிறு ரப்பர் படகை அங்கே கட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது கிழிசல்தான் மிஞ்சும். அதனால் மேடையில் ஒரு மின்சாரக் கிரேன் வைத்திருக்கிறார்கள். படகை அப்படியே தூக்கி மேலே வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்கிற முறை இதுதான். படகின் மூன்று வளையங்களில் மூன்று கயிறு கட்டி, அவற்றை நடுவில் ஒரே முடிச்சில் சேர்த்து முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். படிக்கட்டு ஓரமாகப் படகை ஒட்டி, அலை தூக்குகிற நொடியில் ஒருவர் படியில் தாவுவார். அலை இறங்கும்போது தாவினால் கால் பாசியில் விழும். தாவினவர் மேலே ஓடி, பொத்தானை அமுக்கிக் கொக்கியை இறக்குவார். கீழே இருப்பவர் கயிற்று முடிச்சைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தானும் தாவ வேண்டும். மாட்டுகிற அந்த ஐந்தாறு வினாடி படகு மேலும் கீழும் போகும், இரும்புக் கொக்கி முகத்துக்கு நேரே ஆடும். எங்கள் படகில் அந்த வேலை எனக்கு. ஒரு கையால் கொக்கியைப் பிடித்து, மறு கையால் முடிச்சைத் திணித்தேன். அப்புறம் படகு சொட்டச் சொட்ட மேலே போனது. கீழே நின்று பார்த்தபோது அதன் அடியில் ஐந்து நாளில் ஒட்டியிருந்த பச்சைப் பாசி தெரிந்தது.

ஆக்லாந்திலிருந்து சரக்குக் கப்பல் வந்தாலும் இதே மேடைதான். கப்பல் தள்ளி நிற்கும், சாமான் தெப்பத்தில் வரும்.

பிப்ரவரி 4, இரவு 9.10

காலையில் எழுதியதில் இரண்டு திருத்தம். கொக்கி மாட்டியது சனிக்கிழமை இல்லை, முந்தின நாள் சாயங்காலம். சுங்கம், குடிவரவுக் காகிதங்களை வெள்ளியன்றே முடித்தோம். சனி காலை இரண்டாவது தடவை, அப்போது கை பழகிவிட்டது.

இன்னொன்று: படகின் அடியில் பாசி ‘ஐந்து நாளில்’ ஒட்டியதாக எழுதினேன். கடலில் வரும்போது ரப்பர் படகைத் தளத்தில் கவிழ்த்துக் கட்டியிருந்தோம். பாசி ராரோதோங்காவிலேயே பிடித்ததாகத்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 5

நங்கூரம் போடலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அடி முழுக்கப் பவளமும் பிளவும். சங்கிலி சிக்கினால் எடுக்க முடியாது, பவளமும் உடையும். அங்கே உள்ள யாட் கிளப் மிதவைகள் போட்டுப் பராமரிக்கிறது, அதில் கட்டிக்கொண்டு கட்டணம் கொடுக்க வேண்டும். கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, அடிக்கிற வரைக்கும் மேற்குக் கரை அமைதி. கச்சான் திரும்பினால் (தூத்துக்குடிப் பக்கத்தில் மேற்கே இருந்து வருகிற காற்றை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) படகுக்கும் பாறைச் சுவருக்கும் நடுவே ஒன்றும் இல்லை. இரவானாலும் கட்டை அவிழ்த்துக் கிளம்பிவிட வேண்டும். அதனால்தான் நியுவேயில் எல்லாரும் ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

பிப்ரவரி 8, மாலை

சனிக்கிழமைக்கு வருகிறேன். ஒரு பழைய காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வடக்கே போனோம். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்காரரும் கை தூக்குகிறார். பத்து நிமிடத்தில் நாங்களும் தூக்க ஆரம்பித்துவிட்டோம்.

மத்தாப்பா என்று ஒரு பிளவு. இரண்டு பக்கமும் உயரப் பாறை, நடுவில் நீளமான குளம், கடல் பக்கத்தில் பெரிய கற்கள் அலையைத் தடுத்துக்கொள்கின்றன. அந்தக் காலத்தில் அரசர்கள் குளித்த இடமாம். காலை வைத்ததும் சில்லென்று ஏறியது. மூழ்கினால் கீழே வெதுவெதுப்பு. முதலில் எனக்குப் புரியவில்லை, கதகதப்பு மேலேதானே இருக்க வேண்டும்?

பாறைக்குள்ளிருந்து கசிந்து வருகிற மழைத் தண்ணீர் குளிர்ந்தது, ஆனால் உப்பில்லாததால் லேசானது, மேலே மிதக்கும். கடல் தண்ணீர் சூடாக இருந்தாலும் உப்பால் கனத்து அடியில் கிடக்கும். இரண்டும் தொடுகிற இடத்தில், கண்ணாடி போட்டுப் பார்த்தால், எல்லாம் நெளிகிறது. சர்க்கரைப் பாகைத் தண்ணீரில் விட்டால் கரைவதற்கு முன் ஒரு நெளிவு தெரியுமே, அதே நெளிவு. என் கையை அந்த எல்லையில் பிடித்தேன். மணிக்கட்டுக்குக் கீழே தெளிவாகத் தெரிந்த கை, மேலே குழம்பிப் போயிருந்தது. தலையை ஒரு சாண் இறக்கினால் குளம் முழுக்கச் சுத்தமாகத் தெரிகிறது, ஒரு சாண் ஏற்றினால் திரும்பவும் குழம்புகிறது. அரை மணி நேரம் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். படகுக்கார அம்மா வந்து தோளைத் தட்டிக் கூப்பிட்டார்.

அதே பாதையில் பிரிந்து போனால் தலாவா வளைவுகள். பாறையில் கடல் குடைந்த வாசல். அழகுதான். ஆனால் எனக்கு மனதில் நிற்பது குளம்.

பிப்ரவரி 9

பாம்பு பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், உண்டு. கத்துவாலி என்கிறார்கள். கறுப்பும் சாம்பலுமாகப் பட்டை போட்ட கடல் பாம்பு, உலகத்தில் நியுவேயில் மட்டும் இருக்கிற வகை. விஷம் கடுமையானது, ஆனால் வாய் சிறியது, யாரையும் தேடி வந்து கடிப்பதில்லை. படகைச் சுற்றியே வரும். மேலே வந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தலைகீழாக இறங்கும். தண்ணீர் அவ்வளவு தெளிவு என்பதால் அது அடியைத் தொடுகிற வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பிப்ரவரி 13, இரவு

தீவின் மறு கரை, ஹாக்குப்பு ஊர்ப் பக்கம். ஹுவாலு காட்டுக்குள் அரை மணிக்கு மேல் நடந்தால் மரம் சட்டென்று நின்றுவிடுகிறது. முன்னால் சாம்பல் நிறப் பவளப் பாறை, ஆளுயரத்துக்கு ஊசி ஊசியாக, கடல் வரைக்கும். நடுவில் கான்கிரீட் போட்டுப் பாதை விட்டிருக்கிறார்கள். பாதையை விட்டு ஒரு அடி வைக்க முடியாது. நான் தடுமாறி ஒரு ஊசியைப் பிடித்தேன், உள்ளங்கையில் மூன்று கோடு. இன்னும் ஒன்று தெரிகிறது.

முடிவில் செங்குத்தான மர ஏணி. இறங்கினால் இரண்டு சுவருக்கு நடுவே மணல் திட்டு, அதில் தென்னை. தோகோ பிளவு என்று பெயர். மேலே அலை பாறையில் அறைகிற சத்தம், கீழே காற்றே இல்லை. கேள்வி கேட்ட நண்பரே, வெள்ளை மணலும் தென்னையும் உங்களுக்கு இங்கே கிடைக்கும், பூமிக்குள்ளே.

பிப்ரவரி 14

தோகோ இல்லை. நியுவே மொழியில் ஆங்கில ‘ஜி’ எழுத்தை எழுதினால் அது ங. ஆகவே தோங்ஙோ. தேங்காய் நண்டுக்கு உங்ஙா. அரிச்சுவடியில் படித்துவிட்டு, ‘அங்ஙனம்’ ‘இங்ஙனம்’ தவிர வேறெங்கும் தனியாகப் பார்க்காத எழுத்து அங்கே தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது. இதை என்னைத் திருத்தியவர் ஆக்லாந்தில் என்னோடு வேலை பார்க்கும் நியுவேக்காரர். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இந்தப் பயணத்தில் எனக்கு இருந்த ஒரே வேலை அவர் கொடுத்ததுதான்.

பிப்ரவரி 15

‘காட்டுமிராண்டித் தீவு’ என்று பழைய வரைபடத்தில் இருப்பது இதுதானா என்று ஒருவர். இதுதான். 1774 ஜூனில் கேப்டன் குக் மூன்று முறை இறங்கப் பார்த்தார், மூன்று முறையும் தீவுக்காரர்கள் கல்லும் ஈட்டியும் வீசி விரட்டினார்கள். போகிற போக்கில் அந்தப் பெயரை வைத்துவிட்டுப் போனார். அவர் இறங்கப் பார்த்த ஓப்பாஹி அலோஃபியிலேயே இருக்கிறது. தீவுக்காரர்களின் பல்லெல்லாம் சிவப்பாக இருந்ததைக் கண்டு குக்கின் ஆட்கள் ரத்தம் என்று நினைத்துவிட்டார்கள், அது ஒரு சிவப்பு வாழையின் சாறு என்று தீவில் சொல்கிறார்கள்.

யாரென்று தெரியாத கப்பல் வந்தால் முதலில் விரட்டத்தான் தோன்றும். இவ்வளவுதான் எனக்கு அப்போது தோன்றியது.

பிப்ரவரி 16

சாப்பாடு: சேப்பங்கிழங்கையும் பப்பாளியையும் மெல்லிசாக நறுக்கி அடுக்கடுக்காக வைத்து, தேங்காய்ப் பால் ஊற்றி, இலையில் பொதிந்து மண் அடுப்பில் வேகவைப்பது தக்கீஹி. நான் கிழங்கென்றால் புளி போட்டு வறுப்பதைத்தான் அறிவேன். இது வாயில் போட்டதும் கரைந்தது. பாறை இடுக்கில் கை நிறைய மண் இருந்தால் அங்கே கடப்பாரையால் ஒரு குழி, குழிக்கு ஒரு செடி. வயல் என்று நாம் நினைக்கிற எதுவும் இல்லாமல் ஒரு தீவே கிழங்கு விளைவிக்கிறது.

பிப்ரவரி 22, இரவு 11.30

இதை எழுதத்தான் தள்ளிப்போட்டு வந்தேன்.

தீவு முழுக்கக் காலி வீடுகள். சாலை ஓரமாக, ஒன்றுவிட்டு ஒன்று என்று சொல்கிற அளவுக்கு. சின்னச் சின்னக் கான்கிரீட் வீடு, கூரை போயிருக்கும், சன்னல் வழியாக மரம் எட்டிப் பார்க்கும். புயல் என்றுதான் நினைத்தேன். 2004 ஜனவரியில் ஹேட்டா புயலில் அலை பாறைச் சுவரையே தாண்டி ஏறி மருத்துவமனையை அழித்தது, அருங்காட்சியகத்தில் இருந்ததில் பெரும்பகுதி போனது. சரி, அதில் போன வீடுகள் என்று எண்ணிக்கொண்டேன்.

இல்லை. பல வீடுகள் 1959, 1960 புயல்களுக்குப் பிறகு, காற்றுக்கு நிற்க வேண்டும் என்று நியூசிலாந்து கட்டிக் கொடுத்தவை. காற்றுக்கு நின்றன. ஆள்தான் நிற்கவில்லை. 1966ல் தீவில் ஐயாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல் இருந்தார்கள். விமான நிலையம் வந்தது, அப்புறம் குடும்பம் குடும்பமாக ஆக்லாந்து. நியுவேக்காரர்கள் நியூசிலாந்துக் குடிமக்கள், தடையில்லை. இன்று தீவில் ஆயிரத்து எழுநூறு பேர் அளவில். நியூசிலாந்தில் முப்பதாயிரத்துக்கு மேல்.

வாங்கிக்கொள்ளவும் ஆள் வராது. நிலம் குடும்பத்துக்குச் சொந்தம், விற்க முடியாது. போனவர் பங்கு போனவருக்கே இருக்கிறது. வீட்டு வாசலிலேயே சமாதி. அம்மா, தாத்தா, சின்ன வயதில் போன அக்கா எல்லாரும் சாலையைப் பார்த்துக்கொண்டு வாசலில்.

பிப்ரவரி 23

நேற்று பாதியில் படுத்துவிட்டேன்.

நண்பர் ஹாக்குப்புவில் பிறந்து ஏழு வயதில் ஆக்லாந்துக்கு வந்தவர். நான் போகிறேன் என்றதும் ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தார்: தேவாலயம், அதைத் தாண்டி ஒரு வளைவு, இடது பக்கம் மூன்றாவது. “பாட்டி சமாதியை ஒரு படம் எடுத்து வா.” அவ்வளவுதான்.

தோங்ஙோவிலிருந்து திரும்பும்போது மூன்றாவது வீட்டைத் தேடினேன். மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புதர். பக்கத்தில் ஒரு அம்மாள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பிடித்து, சிரித்து, புதருக்குப் பின்னால் கை காட்டினார்.

சுவர் நான்கும் நின்றது. கூரை இல்லை. வாசலில் சமாதி மட்டும் வெள்ளை வெளேரென்று, பெயிண்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு ஓரத்தில் தூரிகை முடி ஒன்று பெயிண்டோடு சேர்ந்து காய்ந்திருந்தது. பிளாஸ்டிக் பூவைக் காற்று எடுத்துப் போகாமல் ஒரு சங்கைக் கனத்துக்கு வைத்திருந்தார்கள். யார் அடித்தது என்று கேட்டேன். “இந்த வரிசைக்கு நான்” என்றார், தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. ஏழு சமாதி அந்த வரிசையில். வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஆக்லாந்தில்.

அதுவரை அந்தத் தீவை ஆள் விட்டுப்போன இடமாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு காரில் திரும்புகிற வழியெல்லாம் சமாதிகளைத்தான் பார்த்தேன். பாழ் வீடுகளின் முன்னால்கூட சமாதி சுத்தமாக இருந்தது.

மார்ச் 2

ஞாயிறு பற்றிக் கேட்டதால்: ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், வீடு. படகு விடுவது, மீன் பிடிப்பது வேண்டாம் என்பது ஊர் வழக்கம். நாங்களும் படகிலேயே இருந்தோம். இரவு இரண்டு மணிக்கு யாரோ பக்கத்தில் பெருமூச்சு விட்டதுபோல் சத்தம். எழுந்து வந்தால் திமிங்கிலம், கூன்முதுகு வகை, குட்டியோடு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அவை அங்கே வரும். விளக்குப் போடவில்லை. 2020ல் நாடு முழுவதையும் இருண்ட வானப் பகுதியாக அறிவித்திருக்கிறார்கள், நட்சத்திர வெளிச்சத்திலேயே முதுகின் ஈரம் மின்னியது.

திங்கள் காலை, கச்சான் வரும் என்று முன்னறிவிப்பு வந்ததும் கிளம்பினோம். இரண்டு நாளில் வவாவு போய்ச் சேர்ந்தோம். அங்கே வியாழக்கிழமை. நியுவேக்கும் தோங்காவுக்கும் மணி ஒன்றே, தேதி மட்டும் ஒன்று தள்ளி. அந்தப் புதன்கிழமை எனக்குப் பாதிதான் கிடைத்தது.

மார்ச் 9

குக் பற்றி எழுதியதைத் திரும்பப் பார்க்கிறேன். யாரென்று தெரியாத பயம் என்று முடித்துவிட்டேன். நண்பர் படித்துவிட்டு, பயம் ஆள் மேல் இல்லை, நோய் மேல் என்றார். வெளியாள் வந்தால் நோய் வரும் என்பது அந்தத் தீவில் வேரூன்றிய எண்ணம். முதல் உலகப் போருக்கு 150 பேர் நியுவேயிலிருந்து நியூசிலாந்துப் படையோடு போனார்கள். போன இடத்தில் பெரும்பாலானவர்கள் குண்டுக்கு முன்னால் காய்ச்சலிலும் நுரையீரல் நோயிலும் விழுந்தார்கள். அவர்கள் உடம்பு அதுவரை பார்க்காத நோய்கள். அலோஃபியில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, நான் சனிக்கிழமை அதைக் கடந்து இரண்டு முறை போனேன், நிற்கவில்லை. 2020 மார்ச்சில் எல்லையை மூடியவர்கள் 2022ல்தான் முழுசாகத் திறந்தார்கள்.

ஆக, 1774ல் கல் வீசியவர்கள் செய்தது சரியான காரியம் என்றே இப்போது நினைக்கிறேன்.

மார்ச் 30

நண்பரிடம் படங்களை ஆகஸ்டிலேயே கொடுத்துவிட்டேன். நேற்றுதான் அவர் அதைப் பற்றிப் பேசினார். களை பிடுங்கிய அம்மாள் அவருடைய அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையாம். படத்தில் ஓரமாக விழுந்திருந்த கையை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். இவர் போன் செய்திருக்கிறார், பெயிண்டுக்குப் பணம் அனுப்புகிறேன் என்றால் அவர் வாங்க மறுத்துவிட்டாராம்.

அப்புறம் கேட்டார்: “வீட்டுக்குப் பின்னால் ஒரு ஈரப்பலா மரம் இருந்ததே, இருக்கிறதா?”

நான் பின்பக்கம் போகவே இல்லை. மொத்தம் 41 படம், எல்லாம் வாசல் பக்கம். ஒன்றே ஒன்றில் சுவருக்கு மேலே ஒரு இலை நுனி தெரிகிறது, பெரிதாக, விரல் விரலாகப் பிரிந்து. பெரிதுபடுத்திப் பார்த்துவிட்டு அவர் ஈரப்பலா என்கிறார். எனக்குப் பப்பாளி போலவும் தெரிகிறது. ஜூலையில் போகிறார். மரம் இருந்தால் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் இங்கே சேர்க்கிறேன்.